‘முன்பு’ என்ற கட்டம்

அறக்கட்டளையின் கையேட்டில் நான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. திட்டம் தொடங்குவதற்கு முன்பே மதிப்பீட்டாளரை அமர்த்த வேண்டும் என்கிறது. பயன்பெறப் போகிறவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை அவர் முதல் நாளே பதிவு செய்துவிட வேண்டுமாம். நல்ல விதி. நான் மும்பையில் இறங்கியபோது தாராவித் திட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. முடிய மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது.

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வினாத்தாள் அச்சடிப்பதிலிருந்து மறுகூட்டல் வரை எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனை பேருக்கு மார்க் போட்ட அலுவலகத்தில் இருந்தவளுக்கு ஒரு அறிவியல் திட்டத்தை மதிப்பிட வராதா என்று அறக்கட்டளையில் யாரோ நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திட்டம் சின்னது. தாராவியில் பிளாஸ்டிக் கழிவு பிரிக்கும் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அறையில் கூடுவார்கள். அங்கே அவர்களுக்கு அறிவியல் சொல்லித் தருவார்கள். பாடப் புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது, வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அந்த அறையை இன்னும் மூன்று வருடம் நடத்துவதா, மூடுவதா என்பதை என் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

முதல் நாள் மாட்டுங்காவில் லலிதா வீட்டில் இறங்கினேன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. கல்யாணமாகி வந்த நாள் முதல் அதே மூன்றாம் மாடி, அதே லிஃப்ட் இல்லாத கட்டடம்.

"ரிட்டயர் ஆனா காசிக்குப் போவா, ராமேஸ்வரம் போவா. நீ என்னடி ராஜி, குப்பை பிரிக்கற எடத்துக்குப் போறேங்கறே!" என்றாள்.

"அங்கேதான் கூப்பிட்டார்கள்" என்றேன்.

"கூப்பிட்டா போயிடறதா? நாற்பது வருஷமா பக்கத்திலேயே இருக்கேன், நான் ஒரு தடவை போனதில்லை."

இட்லி சாப்பிட அழைத்துப் போனாள். திருச்சியில் நாம் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அந்நியர் வந்தால் ஒரு கணம் தயங்குவார். இங்கே வந்தவர் என் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் தட்டை வைத்துக்கொண்டார். சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் செம்பூர் போக வேண்டும். குர்லாவில் வண்டி மாறி, பெண்கள் பெட்டியில் ஏறி, எப்படியோ இடமும் பிடித்துவிட்டேன். எதிரே நின்றிருந்த பெண் இந்தியில், "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்டாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நெகிழ்ந்து, "செம்பூர்" என்றேன். அவள் திரும்பி இன்னொருத்தியிடம், "செம்பூர் சீட் என்னுடையது" என்றாள். நான் இறங்குவதற்கு முன்பே என் இடம் பட்டுவாடா ஆகிவிட்டது. செம்பூர் வந்ததும் எழுந்தேன். வாசலில் பத்துப் பதினைந்து பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் இறக்கப்பட்டது அடுத்த ஸ்டேஷனான கோவண்டியில்.

கோவண்டி நடைமேடையில் ஒரு கல்லூரிப் பெண் எனக்காகப் பரிதாபப்பட்டாள். "ஆன்ட்டி, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஸ்டேஷன் வந்த பிறகு எழுந்தால் லேட்."

செம்பூரில் எனக்குப் பாடம் எடுக்க ஏற்பாடாகியிருந்தவர் வெங்கடேசன். அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு அறிவியல் கண்காட்சிகள், அருங்காட்சியகங்கள் போன்றவற்றை மதிப்பிடும் வேலையில் இறங்கியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து மூன்று கட்டம் போட்டார்.

"முதல் கட்டம், நாம என்ன செஞ்சோம். ரெண்டாவது, எத்தனை பேர் வந்தா. இந்த ரெண்டையும் எண்ணிடலாம், அதனால எல்லாரும் எண்ணிண்டே இருப்பா. மூணாவதுதான் மதிப்பீடு. வந்தவாகிட்ட என்ன மாறித்து?"

"அதற்குத்தான் கேள்வித்தாள் தயாரித்து வந்திருக்கிறேன்" என்றேன்.

"மேடம், இது பரீட்சை இல்லை. நீங்க அவாளுக்கு மார்க் போட வரலை. முதல்ல போய் ஒரு ஓரமா உட்காருங்கோ. அவா கை என்ன பண்றதுன்னு பாருங்கோ. வாய் சொல்றது அப்பறம்."

ஆரம்பத்தில் யாரும் எதையும் பதிவு செய்யவில்லையே, இப்போது மாற்றத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அதற்கும் வழி இருக்கிறதாம். ஒரே படிவத்தில் இரண்டு கட்டம். ‘இந்த அறைக்கு வருவதற்கு முன்பு எனக்கு எவ்வளவு தெரியும்’, ‘இப்போது எவ்வளவு தெரியும்’. இரண்டையும் இன்றைக்கே கேட்டுவிடலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கற்றுக்கொண்டது வரும்.

"ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் குடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு பேருக்குப் படிச்சுக் காட்டுங்கோ. என்ன புரிஞ்சுண்டான்னு கேளுங்கோ. ஏதாவது இடிச்சா மாத்திடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வினாத்தாளை முன்கூட்டியே காட்டுவதா? வினாத்தாள் பதிந்த கார்பன் தாள் ஒன்றைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோன உதவியாளரை வேலையை விட்டு அனுப்பியவள் நான். கேள்விகள் உறைக்குள் இருக்க வேண்டும். உறைக்கு அரக்கு முத்திரை இருக்க வேண்டும். முத்திரையை எல்லார் முன்னிலையிலும் உடைக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். காட்டுவதில்லை என்று படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சயன் ஸ்டேஷனில் இறங்கினேன். சண்முகக்கனி வந்து காத்திருந்தாள். அறையை நடத்துகிறவள் அவள்தான். நாற்பது வயது இருக்கும். பிறந்தது தாராவி, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்.

"வாங்க டீச்சர். பையைக் குடுங்க."

"நான் டீச்சர் இல்லை."

"பேப்பரும் பேனாவும் வச்சிருக்கியள்லா, பெறகென்ன?" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் நடையைப் பிடிக்க நான் பாதி ஓட வேண்டியிருந்தது.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். சுவரோடு ஒட்டுவதற்கு நான் பழகுமுன் அறை வந்துவிட்டது. கீழே பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை. மேலே போக இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறிய முதல் தேர்வு அதிகாரி நானாகத்தான் இருப்பேன். அறையில் மின்விசிறி ஒன்று, பாய் இரண்டு. நீல வாளியில் வெறும் தண்ணீர், சிவப்பு வாளியில் உப்புத் தண்ணீர். பலகையில் பிளாஸ்டிக் சில்லுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கீழே எந்திரம் ஓட ஓட அறை முழுவதும் அதிர்ந்தது.

பிளாஸ்டிக்கில் பல சாதி உண்டு. கலந்துவிட்டால் அரைத்தது வீண். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க இங்கே காலங்காலமாக ஒரு வழி இருந்திருக்கிறது. சில்லின் ஓரத்தை லைட்டரால் கொளுத்தி, ஊதி அணைத்து, புகையை மோந்து பார்ப்பது. மெழுகு வாசனை வந்தால் ஒரு மூட்டை, காரமாக நெடி அடித்தால் வேறு மூட்டை. ஒரு நாளைக்கு நூறு தடவை மூக்குக்கு நேரே. இந்த அறை சொல்லித் தந்தது இதுதான்: மோந்து பார்க்காதே, மிதக்கவிட்டுப் பார். பாட்டில் மூடி வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். டிவி உறை அதில் முழுகும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். குழாய்த் துண்டு இரண்டிலும் முழுகும். ஏன் என்று கேட்டால் அடர்த்தியைப் பற்றிச் சொல்வாள் சண்முகக்கனி. நான் படித்த பாடப் புத்தகத்தைவிடத் தெளிவாக.

டீ போட்டுக் கொடுத்தாள். பால் அடிப்பிடித்திருந்தது. நெடி மூக்கில் ஏறியது. பாயில் உட்கார்ந்திருந்த வயதான பெண் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏளா கனி, டீச்சருக்கும் கருகுன டீயவே குடுத்திட்டியா?"

"அடிப்பிடிச்சிட்டோ? மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். எனக்கு அது தெரியாது." மூக்கைத் தொட்டுக் காட்டினாள். "பதினாறு வருசம் மோந்து பாத்தேம்லா. எல்லா வாசனையும் தீந்துபோச்சு. மழை பெய்ஞ்சா வாசம் வரும்னு சொல்லுதாங்க. மல்லிப்பூவ எம் மக தலையில வச்சு விடுதேன், பாக்க வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்."

அழுகைக் குரலில் சொல்லவில்லை. கடை மூடியிருக்கிறது என்பது மாதிரி சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "இந்த ரூம் இருக்கணும் டீச்சர். மத்தவளுகளுக்காவது மூக்கு இருக்கட்டும்" என்றாள். நான் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

நான்காம் நாள் என் உறையைப் பிரித்தேன். முத்திரையில்லை. ஆனால் எல்லார் முன்னிலையிலும்தான் பிரித்தேன். இருபத்தெட்டுப் பெண்கள். இளையவர்கள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். அதனால் ஒவ்வொரு கேள்வியாக நானே வாசித்தேன். தேர்வுக் கூடத்து வழக்கப்படி ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்றேன். பேச்சித்தாய், அதாவது முந்தின நாள் சிரித்த வயதான பெண், கண்ணைக்கூட மூடிக்கொண்டாள்.

ஒரு விஷயம் விநோதமாக இருந்தது. ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் உறையில் கரண்ட் பில், ரேஷன் கார்டு நகல் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். "இதெல்லாம் வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தேன். தேர்வுக்கு அடையாள அட்டை கொண்டுவருவது போல என்று நினைத்து எனக்கு உள்ளூரத் திருப்திதான். முதல் கட்டத்தை வாசித்தபோது பேச்சித்தாய் கண்ணைத் திறந்து, "நல்லா எழுதிக்கிடுங்க டீச்சர், எனக்கு எங்க அம்மா காலத்துலருந்தே தெரியும்" என்றாள். பேசக் கூடாது என்று சொன்னேன்.

லலிதா வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். ‘முன்பு’ கட்டத்தில் இருபத்தெட்டுப் பேரும் ‘முழுமையாகத் தெரியும்’. ‘இப்போது’ கட்டத்திலும் இருபத்தெட்டுப் பேரும் ‘முழுமையாகத் தெரியும்’. கழித்தால் பூஜ்யம். மூன்று வருடத்தில் ஒருத்திகூட எதையும் கற்கவில்லை.

கையேட்டின் ஒன்பதாம் பிரிவின்படி, களத்தில் கிடைத்த விவரத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று மணி நேரத்தில் அனுப்பினேன். அந்த விதியை அதுவரை யாருமே கடைப்பிடித்ததில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"முகம் ஏண்டி இப்படி இருக்கு?" என்றாள் லலிதா.

"எல்லாரும் பூஜ்யம்."

"பரீட்சையில எல்லாரும் பூஜ்யம்னா கேள்விதானே தப்பா இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போனாள். எங்கள் அலுவலகத்திலும் அதுதான் விதி. எல்லாரும் ஒரே கேள்வியில் தவறினால் கேள்வியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதை நானே பலமுறை கோப்பில் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், வெங்கடேசன் முதலில் செய்யச் சொன்னதைக் கடைசியாகச் செய்தேன். பட்டறையில் ஒரு ஓரமாக மூட்டை மேல் உட்கார்ந்தேன். பெண்கள் தரையில் அமர்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கைகள் போன வேகத்தில் எனக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது. பேச்சித்தாய் ஒரு கறுப்புச் சில்லை எடுத்தாள். திருப்பினாள், நகத்தால் சுண்டினாள், சந்தேகம். அவள் இடது கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. முன்பு லைட்டர் இருந்த இடம். அங்கே போன கை ஒரு கணம் நின்றது. பிறகு முழங்காலில் ஊன்றி எழுந்து, வேலை நேரத்தில் ஏணியடியில் இறக்கி வைக்கும் சிவப்பு வாளி வரை நடந்து, சில்லைப் போட்டாள். மிதந்தது. திரும்பி வந்து சரியான மூட்டையில் எறிந்தாள்.

காலையில் மட்டும் இப்படிப் பதினேழு தடவை எழுந்தாள். முழங்கால் வலிக்காரி. ஒவ்வொரு தடவையும் முனகினாள். ஒரு தடவைகூட யாரிடமும் லைட்டர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சில்லைக் கொளுத்தப் போனபோது அதைத் தட்டிவிட்டாள்.

"மூக்க வித்தா பொழைக்க? போ, அங்கன போயி தண்ணியில போடு."

மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "பேச்சித்தாய், மூன்று வருடத்துக்கு முன்னால் இதைத் தண்ணீரில் போடத் தெரியுமா?"

"எனக்கா? யாரு சொல்லித்தந்தா? கனி வந்து சொல்லித்தான தெரியும்."

"அப்புறம் ஏன் நேற்று ‘முன்பே முழுமையாகத் தெரியும்’ என்று போட்டீர்கள்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வயதானவளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"சர்வேன்னா அப்படித்தான டீச்சர் சொல்லணும்? பேப்பர் கொண்டாந்து, ‘எப்பருந்து’ன்னு கேட்டா, ‘ரொம்ப முன்னாடிருந்தே’ன்னு சொல்லணும். அப்பந்தான் கதவுல நம்பர் எழுதுவாங்க, குடிசைய இடிச்சாலும் மாத்து வீடு கெடைக்கும். எம் மருமவ கிறுக்கி, மேல்மாடிக்கு இப்பத்தான் வந்தோம்னு உண்மையச் சொல்லிட்டா. அவ பேரு லிஸ்ட்லயே இல்ல. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல எவளும் ‘இப்பத்தான்’னு வாயத் தொறக்க மாட்டா."

எதிரே இருந்த பெண் சொன்னாள்: "நாங்க லைட் பில்லே கொண்டாந்தோமே, நீங்கதான் வேண்டாம்னுட்டிய."

சண்முகக்கனி ஏணியில் பாதி இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "டீச்சர், அதை அனுப்பிட்டியளா?"

"அனுப்பிவிட்டேன்."

"எப்பம்?"

"நேற்றே."

ஐந்து பேருக்குப் படித்துக் காட்டியிருந்தால் போதும். ஐந்தில் ஒருத்தியாவது கரண்ட் பில்லை எடுத்து நீட்டியிருப்பாள். அந்த இடத்திலேயே கேள்வியை மாற்றியிருக்கலாம்.

சண்முகக்கனி என்னைத் திட்டவில்லை. கீழே இறங்கி வந்து, "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். திட்டியிருக்கலாம்.

அன்று மாலையே வெங்கடேசன் வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே எழுந்து வாசலில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, நான் கண்ணால் பார்த்ததை எழுதவைத்தார். எந்தக் கை, எத்தனை மணிக்கு, எந்த வாளி. ஒன்பது பக்கம் வந்தது. இடுப்புப் பையருகே நின்ற அந்தக் கையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம்.

"இதுதான் மதிப்பீடு. முதல் ரிப்போர்ட்டை மறந்துடுங்கோ" என்றார்.

"தலைமை அலுவலகம் மறக்க வேண்டுமே" என்றேன்.

முந்தைய விவரத்தைத் திரும்பப் பெறுவதாகத் தனிக் கடிதம், காரணம், இணைப்பு, நகல் யாருக்கு என்று முறைப்படி அனுப்பினேன். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் குறை சொல்ல முடியாதது அது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். கூடுதலாக நான்கு பக்கம் அனுப்பினேன். பதில் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று சண்முகக்கனி மாட்டுங்கா ஸ்டேஷன் வரை வந்தாள். எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தாள். "வாசமா இருக்கா பாத்துச் சொல்லுங்க டீச்சர். பூக்காரன் என்னை ஏமாத்துவான்." இருக்கிறது என்றேன். இருந்தது.

திருச்சிக்கு வந்த இரண்டாம் வாரம் அறக்கட்டளையின் குழுக் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் வைத்த கோப்பில் என் முதல் விவரம் மட்டும் இருந்தது. ஒரே ஒரு பக்கம், அட்டவணை, கீழே பூஜ்யம். படிக்க எளிதாக இருந்திருக்கும். பதின்மூன்று பக்கத் திருத்தம் வேறு ஒரு பிரிவில் ‘பரிசீலனையில்’ இருந்ததாம். அறை அந்த மார்ச் மாதக் கடைசியில் மூடப்பட்டது.

சண்முகக்கனி வாராவாரம் பேசினாள். "டீச்சர், பதில் வந்துச்சா?" என்பாள். இல்லை என்பேன். நினைவூட்டுக் கடிதம் அனுப்புவேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மேலதிகாரிக்கு நகலுடன் மூன்றாம் நினைவூட்டு.

ஒரு வாரம் சொன்னாள், அறையில் இப்போது மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள் என்று. இன்னொரு வாரம், சிவப்பு வாளியை யாரோ குளிக்க எடுத்துப்போய்விட்டார்கள். தன் வீட்டு வாளியில் உப்புக் கரைத்துக் கீழே வைத்துப் பார்த்தாளாம், அறைக்கு வாடகை வந்தவரை பொறுத்துக்கொண்ட பட்டறைக்காரர் இப்போது நடக்க இடமில்லை என்று எடுத்துவிடச் சொன்னாராம். மழைக்காலத்தில் பேசியபோது பேச்சித்தாயைப் பற்றிக் கேட்டேன்.

"லைட்டர வாங்கிட்டா டீச்சர். முட்டு வலிக்கி, தண்ணிக்கு வெளிய அவ்வளவு தூரம் போவ முடியல. என்ன கண்டா மறைச்சிக்கிடுதா." பிறகு, "எனக்குப் பக்கத்துல நின்னாலும் தெரியவா போவுது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பதிலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மகள் படிப்பு, மழை, ரயில் நின்றது என்று பேசினாள். நான் ஐந்தாம் நினைவூட்டை அனுப்பினேன்.

பதில் வந்தது. முறையான கடிதம், எண் போட்டு, பொருள் போட்டு. என் திருத்தம் முழுமையாக ஏற்கப்பட்டது. முதலில் அனுப்பிய விவரம் கோப்பிலிருந்து நீக்கப்பட்டது. தாராவி அறை பெண்களின் வேலை முறையில் தெளிவான மாற்றத்தைக் கொண்டுவந்ததாகக் குழு கருதுகிறது. முடிவடைந்துவிட்ட திட்டம் என்பதால் மேல் நடவடிக்கை தேவையில்லை. இனி அமர்த்தப்படும் மதிப்பீட்டாளர்களுக்கு என் பதின்மூன்று பக்கங்கள் மாதிரியாகத் தரப்படும்.

சண்முகக்கனியைக் கூப்பிட்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். கடிதத் தமிழ் அவளுக்குப் பாதி புரியவில்லை.

"நல்லதாத்தான எழுதியிருக்காங்க டீச்சர்?"

"நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள்."

"நாங்க படிச்சோம்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கொண்டார்கள்."

"பேச்சித்தாய்ட்ட சொல்லுதேன்" என்றாள். பின்னால் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். போனை வைத்தாள்.

எந்தக் கடிதம் வந்தாலும் அதன் வலது மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்த பிறகே கோப்பில் வைக்க வேண்டும். பேனாவை எடுத்துக் குறித்தேன்: செப்டம்பர் 19.